வேம்புக்கு ஊற்றிய காப்பி

வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த அன்று நீங்கள் முதலில் அதற்குள் எதை வைத்தீர்கள்? நம் வயசுக்காரர்களிடம் கேட்டால் பால் என்பார்கள், தோசை மாவு என்பார்கள், மல்லிகைப்பூ என்பார்கள். நான் மீந்துபோன காப்பியை வைத்தேன். மேல்தட்டில் தண்ணீரைக் கட்டியாக்கக் குழிகுழியாக ஒரு தட்டு கொடுத்திருந்தார்கள். அதில் காலைக் காப்பியை ஊற்றி மூடினேன். மருமகள் எட்டிப் பார்த்து, "அத்தை, அது காப்பி" என்றாள், என்னவோ எனக்குத் தெரியாததுபோல.

இன்றைக்கும் அதைச் செய்கிறேன். சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து கருப்பட்டிக்கும் விடை கொடுத்தாயிற்று. வெறும் காப்பிக் கட்டியை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பல் கூசும். கூசிவிட்டுப் போகட்டும், மிச்சம் இருக்கிற பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்?

இந்தப் பழக்கம் எங்கள் அத்தை கொடுத்தது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். நான் பாவாடை சட்டையில் சங்கரன்கோவில் தெருக்களை அளந்துகொண்டிருந்தேன்.

அப்பா காப்பி கிளப் வைத்திருந்தார். கோவிலிலிருந்து ரயிலடிக்குப் போகும் வழியில் இருந்தது. பலகையில் என்னவோ விலாஸ் என்று எழுதியிருக்கும்; அந்தப் பெயரை ஊரில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. வேப்பமரத்துக் கிளப் என்றால்தான் தெரியும். வாசலில் ஒரு வேம்பு, உள்ளே சில பெஞ்சுகள், புகை குடித்த சுவர், விறகடுப்பு, அடுப்பின் மேல் ஈயம் பூசிய பித்தளை அண்டா. சந்தை நேரத்தில் கூட்டம் நெருக்கும் என்பதால் காப்பியை மொத்தமாக அந்த அண்டாவில் கலந்து தணலில் வைத்திருப்பார்கள். கிளப்புக்குப் பின்னால் முற்றம், கிணறு, அதற்கும் பின்னால் எங்கள் வீடு. வீட்டில் துணி, தலையணை, என் சிலேட்டு எல்லாமே காப்பி மணக்கும். பள்ளிக்கூடத்தில் சிலேட்டுகள் கலந்துபோனால் என்னுடையதை மோந்து பார்த்தே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

இத்தனை மணத்துக்கு நடுவில் எனக்குக் காப்பியின் ருசி தெரியாது. பிள்ளைகள் காப்பி குடித்தால் கறுத்துப்போவார்கள் என்பது அம்மாவின் கட்சி. "நான் ஏற்கெனவே கறுப்புத்தானே, இனி எங்க போய்க் கறுக்க?" என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். காப்பி குடித்துக் கறுத்த பிள்ளை ஒன்றைக்கூட இத்தனை வயதில் நான் பார்க்கவில்லை. நீங்கள் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

கிளப் திறந்த அன்று அப்பா கோமதியம்மன் சந்நிதியில் நின்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். நேற்றுப் போட்ட காப்பியை இன்றைக்கு விற்பதில்லை. அந்தக் காலத்தில் முந்தின நாள் டிகாக்ஷனில் வெந்நீரைக் கொட்டி மறுநாள் ஓட்டுகிற கிளப்புகள் இருப்பதாகப் பேச்சு உண்டு. அதனால் அப்பா தன் வாக்கை ஊர் பார்க்க நிறைவேற்றுவார். விளக்கு வைக்கும் நேரத்தில் கடை அடைப்பு. அதற்குமேல் காப்பி குடிப்பவன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறான் என்பார். அடைக்கும் முன் அண்டாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, "பாத்துக்கிடுங்க" என்று பொதுவாக ஒரு குரல் கொடுத்துவிட்டு, மிச்சம் அத்தனையையும் வேம்பின் தூரில் கவிழ்ப்பார்.

அந்த வேம்புக்கு ஊரில் ஏகப்பட்ட கதைகள். ராத்திரி தூங்காமல் கிளையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது என்பார்கள். அதன் குச்சியில் பல் விளக்கினால் காலைக் காப்பி மிச்சம் என்பார்கள். பனவடலிசத்திரத்திலிருந்து மிளகாய் மூட்டை ஏற்றி வரும் வண்டிக்காரர்கள், வேறு கடை திறந்திருந்தாலும், மாட்டை அவிழ்த்து அந்த வேம்பில்தான் கட்டுவார்கள். "கவுக்கிற கடையில குடிச்சா வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது" என்பது அவர்கள் பேச்சு. எங்கள் சோறு அந்தப் பேச்சில்தான் இருந்தது.

தினமும் தவறாமல் கவிழ்ப்புக்கு ஆஜராகிறவர் ஸ்டேஷன் மாஸ்டர். சாயங்கால ரயிலை அனுப்பிவிட்டு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். அன்றைய கடைசிக் காப்பி அவருக்கு. அதைக் குடித்து முடித்து, அண்டா கவிழ்வதைப் பார்த்து, "ரைட்" என்பார். கொடி காட்டாத குறைதான்.

இனி அத்தை. அப்பாவின் தங்கை. ரங்கோனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். யுத்தத்தில் குண்டு விழுந்தபோது அத்தையும் மாமாவும் மற்றவர்களோடு காட்டிலும் மலையிலும் நடந்தே ஊருக்குக் கிளம்பினார்கள். மாமா வழியில் காய்ச்சலில் போய்விட்டார். அத்தை மட்டும் வந்து சேர்ந்தாள். கையில் இருந்தது ஒரு எனாமல் டம்ளர். வெள்ளை டம்ளர், விளிம்பில் நீலக்கோடு, அடியில் ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்து கறுப்பாகத் தெரியும். அவள் வந்தபோது நான் கைக்குழந்தை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தை கிளப் அடுக்களையில்தான் இருந்தாள். அரைப்பாள், வடிப்பாள், கழுவுவாள். பேச்சு குறைவு. வாசல் பக்கம் வரவே மாட்டாள்.

அப்பா அண்டாவைத் தூக்குகிற சமயம் பார்த்து அத்தை கிணற்றடிக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது முகம் ஒரு மாதிரி இருக்கும். "மனசு கேக்கல பாரு. நல்ல கஞ்சம்" என்று கடைக்காரப் பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். நானுந்தான். எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவே.

ஒரு தடவை அத்தை அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, அதைக் கொட்டுததுக்கு யாருக்காவது குடுக்கலாமே."

"குடுக்கலாம். நாளைக்குத் துட்டு குடுத்துக் குடிக்கவனும் கடைசி நேரத்துக்கு வந்து கைய நீட்டுவான். அது மட்டுமா? அடைச்ச கடைக்குள்ள காப்பி இருந்துச்சுன்னா, காலையில அத வித்தேன்னு சொல்லுவான். வாக்கு குடுத்தது குடுத்ததுதான்."

அத்தை அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த வருஷம் கோடையில் சந்தைக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி வந்தது. எங்கள் ஊருக்கு வந்த அதிசயங்களில் அதற்கு நிகராக இன்னொன்றை நான் சொல்லமாட்டேன். தகரக் கொட்டகை. உள்ளே ஒரு எஞ்சின் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். தரையில் ஒரு பெரிய தொட்டி, தொட்டி நிறைய உப்புத்தண்ணீர், அதற்குள் வரிசையாகத் தகர அச்சுகள். மரப்பலகையைத் தூக்கினால் புகை எழும். மூக்கில் காரமாக ஒரு வாடை ஏறும். மரத்தூளில் புதைத்த ஐஸ் பாளங்களின் ஈர வாசனையும் சேர்ந்துகொள்ளும். மூங்கில் குச்சியில் சிவப்பு ஐஸ், மஞ்சள் ஐஸ். சிவப்பைத் தின்றால் நாக்கும் சட்டையும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும். ஐஸ் தின்றால் நெஞ்சு உறைந்துபோகும் என்று பெரியவர்கள் பயமுறுத்தினார்கள். ஒருத்தருக்கும் உறையவில்லை.

கம்பெனி முதலாளி கடையநல்லூர்க்காரர். எல்லாருக்கும் பாய். அவரும் ரங்கோனில் இருந்து திரும்பியவர் என்று எப்படியோ அத்தையின் காதில் விழுந்துவிட்டது. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லை வழியாகக் கிளம்பினாள். அத்தை தானாக ஓரிடத்துக்குக் கிளம்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாய் ஸ்டூலிலிருந்து எழுந்து, "ரங்கோன்ல எந்தத் தெருவும்மா?" என்றார். அத்தை சொன்னாள்.

"அட! அந்தத் தெரு முக்குல சீனாக்காரன் ஒருத்தன் காப்பியைக் கட்டியாக்கிக் குச்சியில மாட்டி விப்பானே?"

அத்தை சிரித்தாள். அத்தைக்கு ஒரு தெற்றுப்பல் உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஆமா பாய்! அவுக வேல விட்டு வாரப்ப எனக்கு வாங்கிட்டு வருவாக. வீடு வாரதுக்குள்ள பாதி உருகிரும். மொழங்கை வரைக்கும் வழியும். மிச்சத்த டம்ளர்ல போட்டு ரெண்டு பேரும் குடிப்போம்."

பாய் தொட்டியின் ஓரத்துப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, காப்பிக்கு ஒங்க வீட்டுல பஞ்சமா? தூக்குச்சட்டியில கொண்டாங்க. ஓரத்துல நாலஞ்சு அச்சு சும்மாதான கெடக்கு."

அன்றைக்கு ஆரம்பித்தது. மத்தியானம் சந்தைக்கூட்டம் கலைந்ததும் அப்பா கல்லாவில் சாய்ந்து கண்ணயர்வார். அத்தை அண்டாவில் மிஞ்சியதில் பாதியைத் தூக்குச்சட்டிக்கு மாற்றுவாள். கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைப்பாள். ஈரத்துணியால் மூடிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறப்பாள். மறுநாள் அதே நேரத்துக்குப் போய், முந்தின நாள் வைத்ததை எடுத்துக்கொண்டு, புதிதாக ஊற்றிவிட்டு வருவோம். அச்சில் ஊற்றியது போக எனாமல் டம்ளரிலும் ஒன்று வைப்பாள். அது அவளுக்கு.

முதல் கடியை எப்படிச் சொல்ல? முதலில் குளிர்தான் தெரிந்தது. உதடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் கருப்பட்டி இனிப்பு இறங்கியது. அது கரைந்த பின்னால், நாக்கின் கடைசியில், ஒரு கசப்பு வந்து நின்றது. எங்கள் வீட்டு மணம் முழுக்க அந்தக் கசப்பில் இருந்தது. இத்தனை நாளும் இதையா எனக்கு மறைத்தார்கள் என்று அம்மாமேல் ஆத்திரமாக வந்தது.

அம்மா பார்த்துவிட்டாள். "பிள்ளைக்குக் காப்பி குடுக்கீகளா?"

"இது காப்பி இல்ல மதினி. ஐஸு" என்றாள் அத்தை.

அம்மா என் கையிலிருந்து பிடுங்கி ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு கடி கடித்தாள். குச்சியை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது அதில் குச்சிதான் இருந்தது. "நாளைக்கும் போவீகளா?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு காப்பிக் கறுப்பைப் பற்றி அம்மா வாய் திறக்கவில்லை.

அந்தச் சித்திரையும் வைகாசியும் ஆனியும் எனக்குக் காப்பியில் ஊறிக் கிடந்தன. அத்தைக்குக் கை ஓயவில்லை. ஜவ்வரிசியை வேகவைத்துக் காப்பியில் கலந்து ஐஸ் வைத்தாள். கடிக்கையில் முத்துமுத்தாக மாட்டும். கருப்பட்டிப் பாகில் கெட்டி டிகாக்ஷனை விட்டுக் கிளறி, எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, ஆறியதும் உடைத்து மிட்டாய் என்று கொடுத்தாள். உருகிய ஐஸில் முறுக்கைத் தோய்த்துத் தின்னக் கற்றுக்கொடுத்தாள். பேசாத அத்தை பேச ஆரம்பித்தாள். ரங்கோன் ஆற்றையும் அங்கே விற்கிற மீனையும் பற்றிச் சொல்லுவாள். சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். அந்தத் தெற்றுப்பல்லைப் பார்ப்பதற்காகவே நான் கோமாளித்தனம் செய்வேன்.

காப்பி கைகூடியதும் அத்தைக்குத் தைரியம் வந்துவிட்டது. வீட்டில் மீந்த வத்தக்குழம்பையும் டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய்க் கட்டியாக்கினாள். நம் ஊரில் மீந்த குழம்பைச் சூடு பண்ணிச் சுண்டவைத்துத்தானே காப்பாற்றுவோம்? "எல்லாரும் சுட வச்சுக் காப்பாத்துவாக, ஒங்க அத்தை குளிர வச்சுக் காப்பாத்துதா" என்று அம்மா சிரித்தாள். ஆனால் குழம்புக் கட்டியைச் சட்டியில் போட்டு உருக்கினால், இரண்டு நாள் ஊறின சுண்டைக்காய் அப்படி ருசித்தது. ஒரே ஒரு சங்கடம். கட்டியான பிறகு கருப்பட்டிக் காப்பியும் வத்தக்குழம்பும் ஒரே நிறம். அதனால் காப்பிக்குக் குச்சி செருகுவாள், குழம்புக்குச் செருகமாட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் இப்படிச் சந்தோஷமாகக் களவு செய்துகொண்டிருக்க, வாசலில் வேம்புக்கு வரும்படி குறைந்துபோனதை யோசிக்கவே இல்லை. கவனித்தவர் ஸ்டேஷன் மாஸ்டர்.

ஆடி பிறந்து காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு சாயங்காலம் அப்பா அண்டாவைக் கவிழ்த்தார். சளக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"என்ன அண்ணாச்சி, வேம்புக்குப் படி கொறைச்சிட்டீரா? பாதிய எங்கன ஒளிச்சு வச்சிருக்கீரு?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் விளையாட்டு வாய் மாறும்போது வேறு உருவம் எடுத்துக்கொள்ளும். அண்ணாச்சி இப்போதெல்லாம் பாதிதான் கவிழ்க்கிறார் என்று ஆனது. மீதியை உள்ளே வைத்திருக்கிறார் என்று ஆனது. காலையில் அதைத்தான் சூடு பண்ணிக் கொடுக்கிறார் என்று சந்தைக்குள் போய்ச் சேர்ந்தது. கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தபசுக்குச் சுற்றுவட்டாரமே எங்கள் ஊரில்தான் இருக்கும். கிளப்புக்கு அந்தச் சில நாள்தான் வருஷ வரும்படி.

ஒருநாள் காலையில் வண்டிக்காரர் ஒருவர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. இது இன்னைக்குப் போட்டதுதான?" என்று கேட்டார். அடுத்த நாள் வேம்பில் ஒரு மாடுகூட இல்லை. அப்பா சாப்பாட்டில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுக் கையைக் கழுவினார்.

அன்று மத்தியானம் கல்லாவில் கண்ணை மூடியவர் தூங்கவில்லை. தூக்குச்சட்டியோடு கொல்லைக் கதவைத் திறந்த அத்தை, அங்கே அப்பா நிற்பதைப் பார்த்தாள். நான் அத்தையின் சேலைக்குப் பின்னால் போனேன்.

"எங்க போகுது இது?"

அத்தை ஒன்றையும் மறைக்கவில்லை. ஐஸ் கம்பெனி, பாய், குச்சி, குழம்பு, எல்லாம் சொன்னாள். அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊரு என்ன பேசுதுன்னு தெரியுமா ஒனக்கு? அம்மன் முன்னால குடுத்த வாக்கு. ஐஸானாலும் நேத்துக் காப்பிதானே? நீ கேட்டிருந்தா தனியாப் போட்டுத் தந்திருப்பனே. கொட்டுத காப்பியில ஒனக்கு என்ன அப்பிடி ஒரு ஆசை?"

அத்தை தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஆசை இல்லண்ணே. நடந்து வந்த வழியில அவுக கடைசியா என்கிட்ட ஒரு வாய் காப்பி கேட்டாக. டம்ளர் கையில இருக்கு. ஊத்தத் தண்ணி கூட இல்ல. நீங்க அண்டாவக் கவுக்கையில எல்லாம் எனக்கு அந்த வெறும் டம்ளர்தான் தெரியும்."

கிணற்றுக் கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அத்தையைக் கஞ்சம் என்று சொன்ன வீடு எங்கள் வீடு. அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா முன்னால் வந்தாள்.

"இதுல என்ன இருக்கு? கொல்லை வழியாப் போனாத்தான களவு? வாசல்ல வச்சு எல்லாருக்கும் குடுங்க. காப்பி எங்க போச்சுன்னு தின்னு பாத்துத் தெரிஞ்சிக்கிடட்டும். துட்டு வாங்காண்டாம். விக்கமாட்டேன்னுதான வாக்கு குடுத்தீக? குடுக்கமாட்டேன்னா சொன்னீக?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கடித்த குச்சிகளின் கணக்கு அவருக்கு அப்போதே புரிந்திருக்கும்.

தபசுக்கு முந்தின நாள் சாயங்காலம். வெளியூர்க் கூட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது. வேம்படியில் பெஞ்சைப் போட்டு, பாய் அனுப்பிய மரப்பெட்டியை அதன்மேல் வைத்தார் அப்பா. பெட்டி நிறைய ஐஸ், மேலே சாக்கு. தெருவே கூடிவிட்டது. அப்பாவுக்கு மேடைப்பேச்சு வராது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"காப்பி கொறையுதுன்னு சொன்னீக. நெசந்தான். கொறஞ்சது இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. எந்தங்கச்சி பண்ணினது. இது விக்கதுக்கு இல்ல. மொதல்ல மாஸ்டர் தின்னு பாத்துச் சொல்லட்டும்."

ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தன் விளையாட்டு எங்கே போய் முட்டியிருக்கிறது என்று அதற்குள் தெரிந்துபோயிருந்தது. இரண்டு நாளாகக் காப்பிக்கே வராமல் வெட்கப்பட்டுக் கிடந்தவரை அப்பா ஆள் அனுப்பி அழைத்திருந்தார். அவர் முன்னால் வந்தார். அப்பா பெட்டிக்குள் கையை விட்டு, கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தார். மாஸ்டர் பெரிய கடியாகக் கடித்தார்.

அவர் முகம் அப்படியே நின்றது. கண் மட்டும் மெதுவாக அகலமானது. கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. மாஸ்டர் மென்றார். விழுங்கினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மறுபடி கடித்தார்.

"எப்பிடி இருக்கு மாஸ்டர்?" என்றார் ஒருவர்.

"பேஷா இருக்கு" என்றார் மாஸ்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. காதெல்லாம் சிவந்திருந்தது. குச்சி வெறுமையாகும்வரை அவர் நிறுத்தவில்லை. தன் வாயால் கெட்ட பேரைத் தன் வாயாலேயே தின்று தீர்ப்பது என்று நின்றார் அந்த மனுஷர்.

வாசல்நிலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை சட்டென்று தலையில் கையை வைத்தாள். "ஏட்டி, குச்சியில சுண்டைக்காய் ஒட்டியிருக்கு பாரு" என்றாள் என்னிடம். அப்புறம் தன்னை மறந்து, தெருவுக்கே கேட்கும்படி, "அய்யோ அண்ணே, அது குழம்புல்லா!" என்று கத்திவிட்டாள்.

நடந்தது இதுதான். தபசுக்காக நிறைய வைத்த நாள்; அச்சு போதாமல் காப்பியையும் டம்ளர்களில் ஊற்றியிருந்தோம். ஐஸ் கம்பெனி வேலையாள் பார்த்திருக்கிறார். சில டம்ளர்களில் குச்சி இல்லை. பாவம் அந்த அம்மா மறந்துட்டாக என்று, உறைவதற்குள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகி உதவி செய்துவிட்டார்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. மாஸ்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பழைய காப்பி இல்லன்னு நான் எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன்" என்றார். பிறகு அப்பாவிடம், "அண்ணாச்சி, உள்ள கொஞ்சம் சோறு இருந்தா கொண்டாரச் சொல்லும்" என்றார்.

தெரு சிரித்த சிரிப்பில் வேம்பிலிருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டன. அப்பாவும் சிரித்தார். அத்தை உள்ளே ஓடப் பார்த்தாள், அம்மா பிடித்து நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் பெட்டியைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. காப்பியா குழம்பா என்று கடித்துப் பார்த்துத்தான் தெரியும் என்பதால் ஆளாளுக்குப் பயந்துகொண்டே வாங்கினார்கள். மாஸ்டருக்கு அப்பா தானே தேடி ஒரு நல்ல காப்பி ஐஸ் கொடுத்தார். ராயகிரியிலிருந்து தபசு பார்க்க வந்த பிள்ளைகள் தாடையெல்லாம் வழிய நின்றார்கள். டம்ளரை மோந்து பார்த்த வண்டிக்காரர் குழம்பு ஐஸ் கிடைத்து, அதைத் தன் கட்டுச்சோற்றில் போட்டுப் பிசைந்து தின்றார். அவருடைய மாடு வேம்பில் கட்டியிருந்தது.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. பழக்கதோஷத்தில் எல்லாரும் வேம்பைச் சுற்றி நின்றார்கள். அப்பா அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் காப்பி இருந்தது. அவர் வேம்புப் பக்கம் போகாமல் அண்டாவை அத்தையின் முன்னால் இறக்கி வைத்தார்.

"இந்தா. இனி இது ஒன்னோடது. வாசல் வழியாவே கொண்டு போ" என்றார்.

அத்தை உள்ளே போய் எனாமல் டம்ளரை எடுத்துவந்தாள். அண்டாவில் முக்கி ஒரு டம்ளர் நிறைய மொண்டாள். இத்தனை வருஷத்தில் வாசல்படி தாண்டாதவள், எல்லாரும் விலகி வழிவிட, வேம்பின் தூருக்கு நடந்தாள். குனிந்து, ஒரு வாய் ஊட்டுகிற நிதானத்தில், அந்த ஒரு டம்ளரை மட்டும் ஊற்றினாள்.

கூட்டத்தில் விஷயம் தெரியாத ஒருவர் கேட்டார்: "என்னம்மா, வேம்புக்கு இனிமே இவ்வளவுதானா?"

"அது வேம்புக்கு இல்ல வே" என்றார் அப்பா. "எங்க மாப்பிள்ளைக்கு."

ஸ்டேஷன் மாஸ்டர் கக்கத்திலிருந்த தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் 'ரைட்' சொல்லவில்லை. அப்பா கிளப்பை நடத்தினவரைக்கும், ஒவ்வொரு சாயங்காலமும், ஒரு டம்ளர் போய்க்கொண்டிருந்தது. அளவு குறைந்ததென்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை.